பார்வையாளர் பெஞ்சில் ஒன்பதாவது வார்டு

அந்த அம்மா ஒருநாளும் தனியாக வந்ததில்லை. பேரூராட்சி அலுவலக வாசலில் அவர் தலை தெரிந்தால் பின்னாலேயே இன்னொரு தலை தெரியும். சில நாள் நாலைந்து தலை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, இன்றைக்கு வேலை போச்சு" என்று முணுமுணுப்பேன். பக்கத்து மேசை வரி வசூலிப்பவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். கெட்டிக்காரர். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கடைசிவரை வரவில்லை.

ஒன்பதாவது வார்டு உறுப்பினர் அவர். கம்பம் பள்ளத்தாக்கில், குமுளிக்குப் போகிற ரோட்டை ஒட்டிய சின்னப் பேரூராட்சி அது. ஊர்ப் பெயர் வேண்டாம். மாற்றலாகி ஆண்டிபட்டிப் பக்கம் வந்துவிட்டாலும் நான் இன்னும் இதே துறையில் சம்பளம் வாங்குகிறவன். வார்டுக்கு ஒரு உறுப்பினர். அவர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். மாதம் ஒருமுறை மன்றம் கூடித் தீர்மானம் போடும். அதை நிறைவேற்றுவது செயல் அலுவலர், அதாவது எங்கள் ஈ.ஓ. கூட்டத்துக்கான பொருள்களைத் தயாரிப்பது, வாசிப்பது, நடந்ததை எழுதுவது எல்லாம் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

மற்ற உறுப்பினர்களிடம் யாராவது புகார் சொன்னால், "சொல்லிட்டேன்ல, நாளைக்கு ஆள் வரும்" என்று போனிலேயே முடித்துவிடுவார்கள். நாளைக்கு ஆள் வராது. அதற்கடுத்த நாள் போனை எடுக்க மாட்டார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான், இதில் யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த அம்மா மட்டும் புகாரைக் கையில் வாங்கவே மாட்டார். சொல்ல வந்தவரையே கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"நீங்க போய்ச் சொன்னாப் பத்தாதாக்கா?"

"சாக்கடை ஒங்க வீட்டு முன்னாடி நிக்குதா, என் வீட்டு முன்னாடி நிக்குதா? அந்த நாத்தம் எனக்கு எப்பிடித் தெரியும்? வாங்க, போவோம்."

இளநீர் வியாபாரி ஒருவர் தெருநாய்த் தொல்லை பற்றி அவரிடம் புலம்பியிருக்கிறார். வழக்கம்போல இவர் வாங்க என்றிருக்கிறார். "யாவாரத்தப் போட்டுட்டு எப்பிடிக்கா வர்றது?" என்று அவர் இழுக்க, "அப்ப நாய் இன்னும் சரியாத் தொந்தரவு பண்ணலபோல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் அந்த மனிதர் தானாகவே வந்தார், கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு. அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட வைத்து, அங்கிருந்து நேரே ஈ.ஓ. அறைக்குக் கூட்டி வந்தார். "கால நல்லா நீட்டிக் காமிங்கண்ணே" என்றார். ஈ.ஓ. அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். பாவம், அப்படியே மூடிவிட்டார்.

அவர் முதன்முதலாக மன்றக் கூட்டத்துக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டும். அவருடைய வீட்டுக்காரருக்கு லோடு ஆட்டோ ஓட்டம். தேர்தலில் அவர்தான் நிற்பதாக இருந்தது. வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதால் மனைவியை நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் இப்படி ஜெயித்தால் நாற்காலி மனைவிக்கு, பேச்சு கணவருக்கு என்பது எழுதாத ஏற்பாடு. ஈ.ஓ. உள்ளே விடமாட்டார் என்பதால் கணவன்மார்கள் கூடத்தின் ஜன்னலோரம் நின்றுகொண்டு, கையை ஆட்டியும் தொண்டையைச் செருமியும் ஆட்சி நடத்துவார்கள். இவருடைய வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உள்ளே வந்து மனைவிக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்தார்.

"என்னங்க, ஒங்களுக்கு என்ன புகாரு?" என்று கேட்டார் அந்த அம்மா. குரலில் கிண்டலே இல்லை.

"எனக்கென்ன புகாரு? சும்மா ஒனக்குத் தொணைக்கு…"

"புகாரு இருந்தா அந்தா இருக்கு பெஞ்சு, அங்கன போய் ஒக்காருங்க. இல்லாட்டி லோடு எறக்கப் போங்க, மண்டிக்காரரு காத்துக்கிட்டு இருப்பாரு."

கூடமே சிரித்துவிட்டது. அவரும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நல்ல மனிதர். அதன் பிறகு ஜன்னல் பக்கம்கூட அவரைப் பார்த்ததில்லை.

அந்தப் பெஞ்சு பார்வையாளர்களுக்கானது. கூடத்தின் கோடியில் சுவரோரம் கிடக்கும். பொதுமக்கள் வந்து உட்கார்ந்து கூட்டத்தைப் பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் முறை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் உறுப்பினர்களின் ஹெல்மெட்டைத் தவிர வேறு எதுவும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்த அம்மா வந்த பிறகு மாதாமாதம் அந்தப் பெஞ்சு நிறைந்தது. குழாயில் தண்ணீர் வராத தெருக்காரர்கள் காலிக் குடத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். விளக்கு எரியாத சந்திலிருந்து தடுக்கி விழுந்த பெரியவர் கையில் மாவுக்கட்டோடு வந்தார்.

எங்கள் தலைவர் திராட்சைத் தோட்டக்காரர். கெட்டவர் இல்லை, கூட்டம் சட்டுப்புட்டென்று முடிந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. "ஏம்மா, மன்றம்னா ஒரு இது வேண்டாமா? சந்தை மாதிரிக் கூட்டிட்டு வர்றீங்களே, இவுக எல்லாம் இங்க பேச முடியுமா?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டார்.

"அவுக பேச மாட்டாக தலைவரே. நீங்க அவுகளப் பாத்தாப் போதும்."

தலைவர் பார்த்தார். காலிக் குடங்கள் அவரைப் பார்த்தன. அந்தத் தெருவுக்குக் குழாய் பதிக்கும் தீர்மானத்தை நான் வாசித்து முடிக்கும் முன்பே, "சரிப்பா, போடு, போடு" என்றார்.

என்னையும் அந்த அம்மா விடவில்லை. மழைக்காலத்தில் பதிவறைக் கூரை ஒழுகி என் மேசையெல்லாம் ஈரம். வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவன், வாய் சும்மா இருக்காமல், "என்ன ஆபீஸோ, என்ன கூரையோ" என்று அவர் காதுபட எரிந்து விழுந்துவிட்டேன். அடுத்த நொடி என் முழங்கையில் அவர் கை. "வாங்க தம்பி, போவோம்."

"ஐயோ, நான் இங்க வேலை பாக்குறவன்மா. நான் புகார் சொல்லக் கூடாது."

"ஏன், மழை ஆள் பாத்தா ஒழுகுது?"

வாளியோடு என்னை ஈ.ஓ. முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நான் பள்ளிக்கூடத்தில்கூட அப்படிக் கூசி நின்றதில்லை. ஈ.ஓ. என்னை முறைத்தார், வாளியைப் பார்த்தார். கூரைக்கு ஓடு மாற்ற ஒரு வாரம் ஆயிற்று. ஈ.ஓ. என்னோடு முகம் கொடுத்துப் பேச அதைவிட நாளாயிற்று.

ஏன் இப்படி ஒவ்வொருவரையும் இழுத்துக்கொண்டு அலைகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பேர் வாங்கத்தான் என்று முதலில் நினைத்தேன். அலுவலகத்தில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பயந்தான் தம்பி" என்றார். "இம்புட்டுப் பேரு முன்னாடி எந்திரிச்சா எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும். கஷ்டப்பட்டவுகளப் பக்கத்துல வச்சுக்கிட்டா, அவுகளப் பாத்துக்கிட்டே பேசிருவேன்." நம்ப முடிகிறதா? எங்களை எல்லாம் ஆட்டி வைத்த மனுஷிக்குப் பயமாம். எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் பிரியம் வந்தது.

இனிச் சொல்லப்போவது ஒரு பூட்டைப் பற்றி. எங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டு பக்கத்தில் பேரூராட்சி கட்டிய நவீனக் கழிப்பறை ஒன்று உண்டு. குத்தகைக்கு எடுத்தவர் காலை ஏழு மணிக்குத் திறப்பார். ஆனால் அந்த இடத்தில் அதிகம் நிற்பவர்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள். மலைக்கு மேலே கேரளத்துத் தோட்டங்களில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். விடியுமுன்னே ஜீப் கிளம்பிவிடும். முன்பெல்லாம் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதரும் ஓடையுமாகக் கிடந்தது. இப்போது அங்கெல்லாம் பிளாட் போட்டு, கல் நட்டு, பளிச்சென்று விளக்கும் போட்டுவிட்டார்கள். பூட்டின கதவுக்கு முன்னால் நின்று, நெருக்கியடித்து ஜீப்பில் ஏறி, மலைப் பாதையின் வளைவுகளில் குலுங்கி, தோட்டம் போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டு போவார்கள்.

கவுன்சிலர் ஆகும்வரை அந்த அம்மாவும் அந்த ஜீப்பில் போனவர்தான். அவர் தெருவில் அமலி என்று ஒரு பெண், கூடவே வேலைக்குப் போனவள். அமலிக்கு நீர்த்தாரையில் புண்ணாகி, காய்ச்சல் கண்டு, தேனி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் திட்டியிருக்கிறார். பார்க்கப்போன இந்த அம்மாவிடம் அமலி சொல்லியிருக்கிறாள்: "குடிச்சுட்டு எங்கனக்கா போறது? நீங்களே சொல்லுங்க."

அதை அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார். அந்த மாதக் கூட்டத்தில்தான் கழிப்பறைக் குத்தகை நிபந்தனைகள் ஒப்புதலுக்கு வருவதாக இருந்தது. விடியற்காலை நாலு மணிக்குத் திறக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்காமல் விட்டால் அடுத்த குத்தகைவரை ஒரு வருடத்துக்கு அந்தப் பூட்டை யாரும் அசைக்க முடியாது. ஆனால் கூட்டம் பகல் பதினோரு மணிக்கு. அந்த நேரம் பெண்கள் மலைமேல் ஏலச்செடிக்கு நடுவில் இருப்பார்கள். காய்ச்சலில் படுத்ததற்கே, ஜீப்பில் ஆள் ஏற்றுகிற கங்காணி அமலியின் இடத்தில் வேறொருத்தியை ஏற்றிவிட்டான். கெஞ்சிக் கூத்தாடித் திரும்பவும் இடம் வாங்கியிருந்தாள். இன்னொரு நாள் போகாவிட்டால் அதுவும் போய்விடும். மற்றவர்கள் நிலைமையும் அதுதான்.

கூட்டத்தன்று அந்த அம்மா தனியாக வந்தார். பின்னால் தலையே இல்லை.

அந்தப் பொருளை வாசித்தேன். அவர் எழுந்தார். "தலைவரே, காலைல நாலு மணிக்குத் தொறக்கணும்னு…" என்று ஆரம்பித்தார். கண் பெஞ்சுப் பக்கம் போயிற்று. பெஞ்சு காலி. பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

"நாலு மணிக்குன்னா இன்னொரு ஆள் போடணும்னு குத்தகைக்காரர் சொல்றாரும்மா" என்றார் ஈ.ஓ.

தலைவர் குரலில் கோபம் இல்லை. "தொறக்க வேணாம்னு நான் சொல்லல. ஆனா யாராவது கேட்டாகளா? நீங்கதான புகார்க்காரக இல்லாம வர மாட்டீக. இன்னைக்குப் பெஞ்சுல ஒரு ஈ காக்கா இல்லையே."

இரண்டு உறுப்பினர்கள் சிரித்தார்கள். "அடுத்த பொருள வாசிங்க" என்றார் துணைத் தலைவர் என்னைப் பார்த்து. நான் வாசிக்கவில்லை. தாளைத் தேடுவதுபோல மேசையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கூடத்தின் குறுக்கே நடந்துபோய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, புடவை முந்தானையைத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் குளிருக்கு இழுத்துக்கொள்கிற மாதிரி தலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார்.

"என்னம்மா இது? ஒங்க எடத்துக்கு வாங்க" என்றார் தலைவர்.

அவர் பதில் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர் பேசக் கூடாதே. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

அப்போது ஆறாவது வார்டு உறுப்பினர் எழுந்தார். இந்தப் பெண்ணின் குரல் எப்படியிருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. ஜன்னலில் நிற்கிற கணவர் தலையசைத்தால் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

"தலைவரே, புகாரு நான் சொல்றேன்" என்றார். "மீட்டிங் அன்னைக்குக் காலைலருந்து நாங்க பொம்பளைக பச்சத் தண்ணி குடிக்காமத்தான் இங்க வாரோம். இந்த ஆபீஸ்ல எங்களுக்குன்னு கட்டின கக்கூஸுல பிளீச்சிங் பவுடர் மூட்டைய அடுக்கிப் பூட்டி வச்சிருக்காக. கவுன்சிலருக்கே இந்தக் கதின்னா, மலைக்குப் போறவ யாருகிட்டப் போய்க் கேப்பா?"

ஜன்னலிலிருந்து, "ஏய், ஒக்காரு" என்று சத்தம் வந்தது.

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்குச் சுவரு இருக்கு" என்றார் அந்தப் பெண் திரும்பாமலே.

பெண் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சும்மா எழுந்து நின்றார்கள். மன்றத்தில் பாதி நாற்காலி காலியாகிவிட்டது போல இருந்தது. ஈ.ஓ. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "என் வீட்டுலயும் பொம்பளைக இருக்காக" என்றார் மெதுவாக. "யாரும் சொல்லலையேப்பா." பிறகு என்னிடம், "எழுது. நாலு மணிக்குத் தொறக்கணும். எல்லாருக்கும் சம்மதம்னு எழுது. அந்த மூட்டையையும் இன்னைக்கே எடுக்கச் சொல்லு."

எழுதினேன்.

கூட்டம் முடிந்து பெஞ்சுப் பக்கம் போனேன். ஆறாவது வார்டு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏம்மா அங்க போய் உக்காந்தீங்க?" என்று கேட்டேன். "கூட்டியார ஆளு இல்லையே தம்பி. நான் ஒருத்திதான இருந்தேன்" என்றார்.

புதுக் குத்தகை தொடங்கிய அன்று, திறக்கிறார்களா என்று போய்ப் பார்க்கும்படி ஈ.ஓ. எனக்கு உத்தரவு போட்டார். அரசாங்க வேலையில் இது வேறு. கம்பளியைச் சுற்றிக்கொண்டு திட்டிக்கொண்டே போனேன். மலைப் பக்கமிருந்து சாரல் காற்று. கழிப்பறையில் விளக்கு எரிந்தது, கதவு திறந்திருந்தது. தலையில் துண்டும் கையில் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்த அம்மா ஒவ்வொருத்தியின் தூக்குச்சட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு, "போ, போ, ஜீப்பு நிக்கும்" என்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

எதிரே டீக்கடை. போய் நின்றேன். கடைக்காரர் என்னைக் கவனிக்கவே இல்லை. கை ஓயாமல் ஆற்றிக்கொண்டிருந்தார். கழிப்பறையிலிருந்து வந்த பெண்கள் கடையை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். அமலி இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தாள்.

"எத்தனயோ வருசமா என் கடை முன்னாடிதான் ஜீப்புக்கு நிக்கிறாக சார்" என்றார் கடைக்காரர், தலையை நிமிர்த்தாமல். "இந்தக் குளிருக்கு ஒருத்தியும் ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல. கஞ்சப் பிசினாறிகன்னு வாயாரத் திட்டியிருக்கேன். எதுக்குக் குடிக்கலன்னு எனக்குத் தோணவே இல்ல சார்."

ஜீப் ஹாரன் அடித்தது. அமலி காலிக் கிளாஸை அவரிடம் நீட்டி, "இன்னொன்னு குடுங்கண்ணே, ஓடிப்போய் ஏறிக்கிறேன்" என்றாள். கடைக்காரர் பால் சட்டியைச் சாய்த்துப் பார்த்தார். தீர்ந்துவிட்டிருந்தது.